நான்கு விரல் மேலே

டெல்பினா தாமயோவின் வாய் அவளுக்கு நல்லது செய்ததும் உண்டு, கெடுதல் செய்ததும் உண்டு. அந்தத் திங்கட்கிழமை காலையில் அது செய்த காரியத்தை எதில் சேர்ப்பது என்று சனிக்கிழமை வரை அவளுக்கே தெரியவில்லை.

இலோய்லோ நகரத்தில் மூன்று நங்கூரம் காவல் நிறுவனத்தின் மாடி அறை. கர்னல் எவாரிஸ்தோ மொந்தெக்லாரோவின் மேசையில் ஒரு பச்சைத் துண்டை விரித்து மூன்று பிஸ்டல்களை வரிசையாக வைத்திருந்தார்கள். வங்கி வாசல்களில் நிற்கும் நிறுவனத்தின் காவலர்கள் அதுவரை இடுப்பில் சுமந்தது முப்பத்தெட்டு காலிபர் ரிவால்வர். பாதி ரிவால்வர்களுக்கு, அவற்றைச் சுமந்தவர்களைவிட வயது அதிகம். ஆறு தோட்டாவும் தீர்ந்துபோனால், ஒவ்வொன்றாகப் பொறுக்கி நிரப்புவதற்குள் திருடன் ஜீப்னி வண்டி பிடித்து ஊர் போய்ச் சேர்ந்துவிடுவான். அதனால் எல்லாருக்கும் புதிய பிஸ்டல் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. எந்தக் காலிபர் என்பதுதான் பாக்கி. கர்னலைப் பொறுத்தவரை அதுவும் பாக்கி இல்லை.

கர்னல் ராணுவத்தில் இருபத்தேழு வருடம் இருந்துவிட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர். துண்டில் இருந்த நாற்பத்தைந்து காலிபர் அவருடைய சொந்தத் துப்பாக்கி. மற்ற இரண்டும், ஒன்பது எம்.எம். ஒன்றும் நாற்பது ஒன்றும், கடைக்காரர் மாதிரிக்குக் கொடுத்துவிட்டுப் போனவை. அமெரிக்கர் காலத்தில் தெற்குத் தீவில் ஒருவன் முப்பத்தெட்டு காலிபர் குண்டு ஆறையும் வாங்கிக்கொண்டு வாளோடு ஓடிவந்த கதையையும், அதற்காகவே நாற்பத்தைந்து பிறந்த கதையையும் அவர் வருடத்துக்கு நாலு முறை சொல்வார். கேட்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக வியக்க வேண்டும். அன்றும் சொன்னார். குண்டு தடிமன், கனம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஒன்று பட்டால் ஆள் படுத்துவிடுவான், ஒன்பது எம்.எம். என்றால் உடம்பைத் துளைத்து மறுபக்கம் போய், வங்கி வரிசையில் நிற்கிற யாரையாவது பதம் பார்த்துவிடும் என்றார்.

டெல்பினா அந்த நிறுவனத்தில் சுடக் கற்றுக்கொடுக்கிறவள். பதினொரு வருடம் தானே வங்கி வாசலில் நின்றுவிட்டு அந்த வேலைக்கு வந்தவள். அவள் முதலில் நாற்பதை ஓரமாகத் தள்ளினாள். இரண்டுக்கும் நடுவில் நிற்கப் பார்த்து, இரண்டின் குறையையும் வாங்கிக்கொண்ட பிள்ளை அது என்றாள். பிறகு ஒன்பது எம்.எம். பிஸ்டலைக் கையில் எடுத்தாள். மேகசினில் பதினைந்து தோட்டா, கர்னலுடையதில் ஏழுதான். உதைப்பு மிகவும் குறைவு. முதல் குண்டு போன கையோடு இரண்டாவதற்குக் குறி தயாராக இருக்கும். இதையெல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருக்க, கர்னல் சுவரில் இருந்த தன் பழைய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க உடம்புக்குள்ள போற குண்டைப் பத்திப் பேசுறீங்க, சார்,” என்றாள் டெல்பினா. “நான் உடம்பைத் தொடாமப் போற குண்டைப் பத்திப் பேசுறேன். வரிசையில நிக்கிற ஜனத்துக்கு அதுதான் எமன்.”

கர்னலுக்குச் சுருக்கென்று பட்டது. அவளுக்குக் கீழே பதினான்கு பெண் காவலர்கள் இருந்தார்கள். நிறுவனத்தின் விதி எளிமையானது. புதிய துப்பாக்கியில் சுட்டுத் தேறுகிறவர்கள் வங்கி வாசலில் நிற்கலாம். தேறாதவர்கள் பெரிய கடைகளின் வாசலுக்குப் போய், வருகிறவர்களின் பையைக் குச்சியால் கிளறிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அந்தப் பதினான்கு பேரும் வங்கி வாசலுக்கு வந்து சேர்ந்த பாடு டெல்பினாவுக்குத் தெரியும். ஆண் காவலர் சாப்பிடப் போகும்போது கதவைப் பார்த்துக்கொள்வதற்கென்று வைக்கப்பட்டவர்கள் அவர்கள். முதலில் வந்தவர்களின் இடுப்பில் துப்பாக்கி ஏற மூன்று வருடம் பிடித்தது. இப்போது ஒரு காலிபரின் பேரால் அதை இறக்கப் பார்க்கிறார்கள்.

பெண்களின் கைக்கு நாற்பத்தைந்து பெரியது என்றாள். கை சின்னது என்பதெல்லாம் சாக்கு, பயிற்சி போதவில்லை, அவ்வளவுதான் என்றார் கர்னல். ஒருத்தியாவது நாற்பத்தைந்தைப் பிடித்து நேராகச் சுட்டால் என்ன சொல்வாய் என்று கேட்டார். அங்கேதான் டெல்பினாவின் வாய் முந்திக்கொண்டது.

“ஒருத்திகூடத் தேறமாட்டா, சார். என் பேரை வச்சுச் சொல்றேன்.”

கர்னல் சிரித்தார். அப்படியே பேச்சு முடிந்தது. சனிக்கிழமை காலை, பதினைந்து மீட்டர் தூரம், ஆளுக்கு ஐந்து தோட்டா. அதில் குறைந்தது நான்கு, கறுப்பு வட்டத்துக்குள் விழ வேண்டும். ஒருத்தி தேறினாலும் நிறுவனம் முழுக்க நாற்பத்தைந்து. ஒருத்தியும் தேறாவிட்டால் எல்லாருக்கும் ஒன்பது எம்.எம். சுடுவதற்குத் தன் சொந்தத் துப்பாக்கியையே தருவதாகச் சொன்னார். அதைவிட நன்றாக வைத்துக்கொள்ளப்பட்ட துப்பாக்கி இந்தத் தீவிலேயே இல்லை என்றும் சொன்னார்.

மாடிப்படி பாதி இறங்கிய பிறகுதான் அவளுக்கு ஜோவிலினின் ஞாபகம் வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

ஜோவிலின் பார்சேனாஸ் நாலடி பத்தங்குலம். காவலர் தொப்பி அவளுக்குக் காதில்தான் உட்காரும். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஆனால் டெல்பினா இத்தனை வருடத்தில் பார்த்த கைகளில் அந்தக் கைதான் சுத்தமானது. பயிற்சியில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தியின் தோட்டாக்களை அடுத்து நிற்கிறவள் நிரப்பிக் கொடுப்பாள். நடுவில் எங்கேயோ மருந்தில்லாத டம்மி ஒன்றைச் சேர்த்துவிடுவாள். சுடுகிறவளுக்கு எது டம்மி என்று தெரியாது. வெடிக்கப்போகிறது என்ற பயத்தில் கை முன்கூட்டியே கீழே அழுத்தினால், நிஜத் தோட்டாவில் அது யாருக்கும் தெரியாது, வெடியும் உதைப்பும் மறைத்துவிடும். டம்மியில் டிக் என்று சத்தம் மட்டும் வரும். துப்பாக்கியின் மூக்கு குனிவது ஊருக்கே தெரியும். பெரியவர்களின் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்ளக் குனிவதுபோல இருப்பதால், பெண்கள் அதற்கு ‘ஆசி வாங்குறது’ என்று பேர் வைத்திருந்தார்கள். எல்லாரும் எப்போதாவது ஆசி வாங்குவார்கள். டெல்பினாவே வாங்கியிருக்கிறாள். ஜோவிலினின் துப்பாக்கி மட்டும் யாரிடமும் வாங்கியதில்லை.

செய்தி பரவ ஒரு பகல் போதும். புதன்கிழமை பயிற்சி முடிந்து லா பாஸ் சந்தையில் எல்லாரும் பாட்சோய் குடித்துக்கொண்டிருந்தார்கள். சூப்பில் நூடுல்ஸை அலசிக்கொண்டே, மூத்தவளான மெர்லி தூரத்து மேசையில் இருந்த ஜோவிலினை உதட்டால் சுட்டிக் காட்டினாள். அக்கா ஒரு வார்த்தை அவள் காதில் போட்டால் போதுமே என்றாள். ரெண்டே ரெண்டு குண்டு தவறினால் பதிமூன்று குடும்பம் தப்பிக்கும். ஜோவிலினுக்கும் அதில் நஷ்டமில்லை. சொன்னது நியாயமான பேச்சு. மற்றவர்கள் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமல் காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தார்கள்.

டெல்பினா கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள். வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அவள் தனக்குள் மல்லுக்கட்டினாள். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை ஜோவிலினைக் கூப்பிட்டாள். இரண்டு முறையும் பெல்ட்டை இறுக்கிக் கட்டு, ஷூவைத் துடை என்று வேறு எதையோ சொல்லி அனுப்பினாள். எட்டு மாதம் பாடுபட்டுக் குனியாமல் நிற்கக் கற்றுக்கொடுத்த கையிடம் போய்த் தவற விடு என்று எப்படிச் சொல்வது? அவளுக்கு மனசு வரவில்லை. அவளுடைய கர்வம் அது. வேண்டுமானால் அகம்பாவம் என்றும் சொல்லிக்கொள்ளட்டும் என்று மெர்லியிடம் சொல்லிவிட்டாள். மெர்லி, அகம்பாவத்தைச் சோற்றில் பிசைந்து சாப்பிட முடியாது அக்கா என்றாள். அவள் சொன்னதும் சரிதான்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே கரும்புக் காட்டுக்குப் பின்னால் இருந்த சுடுதளத்தில் எல்லாரும் கூடிவிட்டார்கள். கர்னல் வெள்ளைச் சட்டையில் வந்தார். டெல்பினா நாற்பத்தைந்து காலிபர் டம்மி இரண்டை எங்கிருந்தோ கேட்டு வாங்கிப் பையில் கொண்டுவந்திருந்தாள். பெண்கள் முதலில் டம்மியோடு பழகிக்கொள்ளட்டும் என்று கேட்டுப் பார்த்தாள். திருடன் வந்தால் பழகிக்கொள்ள நேரம் தருவானா என்று கர்னல் கையை ஆட்டிவிட்டார். பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சிலுவை போட்டுக்கொண்டு சுடும் கோட்டுக்கு வந்தார்கள்.

பதிமூன்று பேர் சுட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பிடி பெரியது, விரல் விசைக்கு எட்டவே பாதிப் பேர் கையைத் திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தது. மெர்லியின் மூன்று குண்டுகள் தாளையே தொடவில்லை. ஒருத்தி நான்கைத் தரையில் விதைத்தாள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒவ்வொருத்தியும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் திரும்பினாள். கர்னல் கடைசி ஆளுக்காகக் காத்திருந்தார். அவருக்கும் ஜோவிலினைப் பற்றி யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஜோவிலின் கோட்டில் நின்றாள். துப்பாக்கியைத் தூக்கினபோது அது அவளைவிடப் பெரிதாகத் தெரிந்தது. சுடுவதற்கு முன் அவள் டெல்பினாவை ஒரு தரம் பார்த்தாள். டெல்பினா புருவத்தைக்கூட அசைக்கவில்லை. ஐந்து குண்டும் ஒரே சீராகப் போயின. உதைப்பில் கை மேலே ஏறியது, இறங்கி அதே இடத்துக்கு வந்தது. டெல்பினாவுக்குத் தாளைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள். அப்படி நினைத்துக்கொண்டே அவள் நெஞ்சு நிமிர்ந்தது.

கர்னல் தாளைக் கழற்றிக்கொண்டு வரச் சொன்னார். கறுப்பு வட்டத்துக்குள் ஒரு ஓட்டையும் இல்லை. ஐந்தும் வட்டத்துக்கு நான்கு விரல் மேலே, வெள்ளையில் விழுந்திருந்தன. பெண்கள் ஒரு கணம் திகைத்தார்கள். அப்புறம் ஒருத்தி கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். மெர்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜோவிலின் மட்டும் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சரி, டெல்பினா, நீ ஜெயிச்சுட்டே,” என்றார் கர்னல். அவருக்கு ஏமாற்றம், ஆனால் வாக்கு மாறுகிற ஆள் இல்லை. “பெரிய கைகாரின்னு சொன்னாங்க. இவளும் பயந்து மேல தூக்கிட்டா.” தேர்வுத் தாளில் ஜோவிலின் பேருக்கு நேரே, கை உறுதியில்லை என்று எழுதப் பேனாவை எடுத்தார்.

டெல்பினா இலக்குத் தாளை வாங்கிப் பார்த்தாள். ஐந்து ஓட்டையையும் ஒரு பான்டெசால் ரொட்டியை வைத்து மூடிவிடலாம். அவ்வளவு நெருக்கம். பயந்து தூக்குகிற கை ஐந்து முறையும் ஒரே அளவு தூக்காது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். பதினான்கு பெண்களுக்கும் வங்கி வாசல் உறுதி. அவள் மெர்லியைப் பார்த்தாள். மெர்லி கண்ணாலேயே கெஞ்சினாள். பேனா தாளைத் தொட்டது.

“அப்படி எழுதாதீங்க, சார்,” என்றாள் டெல்பினா. “அவ கை சரியா இருக்கு. உங்க துப்பாக்கிதான் மேல சுடுது.”

மெர்லி தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். கர்னலின் காது சிவந்தது. என் துப்பாக்கியா என்று ஒரே ஒரு முறை கேட்டார். ஆமாம் என்றாள். அவள் சொல்வது உண்மையானால், ஜோவிலின் தேறியவள், பந்தயத்தில் டெல்பினா தோற்றவள், அது தெரிந்துதான் பேசுகிறாளா என்று கேட்டார். தெரிந்துதான் பேசுகிறேன் என்றாள்.

கர்னல் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு கோட்டுக்குப் போனார். ஐந்து தோட்டா நிரப்பினார், சுட்டார். தாள் வந்தது. ஐந்தும் கறுப்புக்குள். எல்லாருக்கும் தெரிகிற மாதிரி அதைத் தூக்கிக் காட்டினார். துப்பாக்கி நேராகச் சுடுகிறதா, கோணலாகச் சுடுகிறதா என்று கேட்டார். கேள்வி டெல்பினாவுக்கு. அவள் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா. அப்புறம் குனிந்து துப்பாக்கியின் முனையில், குறிபார்ப்பதற்காக இருக்கும் சிறு முன்குறியைப் பார்த்தாள். அது அரத்தால் அராவப்பட்டு, இருக்க வேண்டிய உயரத்தில் பாதிதான் இருந்தது. முன்குறியைத் தாழ்த்தினால் குண்டு மேலே ஏறும். சுடத் தெரிந்த யாருக்கும் அது தெரியும்.

இதை யார் அராவினது என்று கேட்டாள். துப்பாக்கி கீழே சுட்டது, மூன்று ஊரில் மூன்று பட்டறையில் கொடுத்துச் சரிசெய்து வாங்கினேன் என்றார் கர்னல். அதைப் பெருமையாகவே சொன்னார்.

டெல்பினா பையில் இருந்த டம்மி இரண்டையும் எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். இன்னும் ஒரு ஐந்து சுடுங்கள் சார், எங்கள் வழக்கப்படி என்றாள். தாராளமாக என்றார் அவர். ஜோவிலினைக் கூப்பிட்டு மேகசினை அவளிடமே கொடுத்தார். எல்லாருக்கும் போடுவதுபோலவே போடு, கர்னல் என்று பார்க்காதே என்றார். இத்தனை வருடத்தில் கர்னலின் மேகசினில் டம்மி போட ராணுவத்திலும் ஆள் இருந்திருக்காது, நிறுவனத்திலும் இல்லை. ஜோவிலின் டெல்பினாவைப் பார்த்தாள். இந்த முறை டெல்பினா புருவத்தைத் தூக்கி, ஆமாம் என்றாள்.

முதல் குண்டு கறுப்பில் விழுந்தது. இரண்டாவதும் கறுப்பில். பெண்கள் மூச்சை விட்டார்கள்; மரியாதைக்குப் பயந்து ஜோவிலின் டம்மியே போடவில்லை என்று நினைத்திருப்பார்கள். மூன்றாவதற்கு டிக் என்றது. கர்னலின் துப்பாக்கி நன்றாகக் குனிந்து ஆசி வாங்கியது.

ஒருத்தி இருமினாள். மற்றவர்கள் கரும்புக் காட்டையும் வானத்தையும் பார்த்தார்கள். கர்னல் அசையாமல் நின்றார். டம்மியைத் தட்டி வெளியே தள்ளிவிட்டு நான்காவதைச் சுட்டார். அது கறுப்பில் விழுந்தது. ஐந்தாவதற்கு மறுபடியும் டிக். இந்த முறை குனியக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றும் குனிந்தது. துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு, கடைக்காரரின் ஒன்பது எம்.எம். பிஸ்டலைக் கேட்டார். அந்த அளவு டம்மியும் டெல்பினாவிடம் இருந்தது. அதில் ஐந்து சுட்டார். டம்மியில் மூக்கு லேசாகத் தலையசைத்தது, அவ்வளவுதான்.

டெல்பினா வசவுக்குத் தயாராக இருந்தாள். வேலை போனாலும் போகட்டும் என்று எண்ணிக்கொண்டுதான் டம்மியை நீட்டியிருந்தாள். கர்னல் தன் துப்பாக்கியின் முன்குறியை விரலால் தடவிப் பார்த்தார். கை எவ்வளவு குனிந்ததோ அவ்வளவுக்குக் குறியும் அராவப்பட்டிருந்தது. இரண்டு தப்பும் கைகோத்துக்கொண்டு முப்பது வருடமாகக் கறுப்பில் போய் விழுந்திருக்கின்றன. குனியாத ஒரு கை வந்து பிடிக்கும்வரை யாருக்கும் தெரியவில்லை.

“உன் பொண்ணுங்க இதுக்கு என்ன பேர் வச்சிருக்காங்க?” என்று கேட்டார்.

அவள் சொன்னாள். மறைக்கவில்லை.

கர்னல் முதலில் மூக்கால் சிரித்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துத் தேர்வுத் தாளை இழுத்தார். ஜோவிலின் பேருக்கு நேரே, தேறினாள், எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த கை என்று எழுதினார். பட்டியலின் அடியில் பதினைந்தாவதாகத் தன் பேரையும் எழுதி, எதிரே, தேறவில்லை என்று எழுதினார். பந்தயத்தில் தோற்றது நான்தான் சார் என்று டெல்பினா ஞாபகப்படுத்தினாள்.

“தோத்தது நீதான். உன் வாய்தான் அந்தப் பந்தயத்தைக் கட்டிச்சு,” என்றார் கர்னல். “ஆனா முப்பது வருஷம் சுட்ட என் கையே கும்பிடு போடுது. இதைப் போய் நம்ம காவலர்கள் இடுப்புல கட்டிவிட்டு ஜனங்களுக்கு நடுவுல நிறுத்தச் சொல்றியா? எல்லாருக்கும் ஒன்பது எம்.எம். எழுதிக்கோ.” கொஞ்சம் யோசித்து, பயிற்சிக்கு வரிசையில் தனக்கும் ஓர் இடம் வைக்கச் சொன்னார்.

மெர்லி முதலில் சிலுவை போட்டாள், அப்புறம் கர்னலுக்கு சல்யூட் அடித்தாள், அப்புறம் இரண்டையும் மாற்றிச் செய்தாள். பெண்கள் வேனுக்கு ஓடினார்கள். டெல்பினா தரையில் கிடந்த வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஜோவிலின் வந்து பக்கத்தில் குந்தி, தானும் பொறுக்கினாள்.

“நீங்க வந்து சொல்லுவீங்கன்னு ரெண்டு நாளா காத்துட்டிருந்தேன், அக்கா,” என்றாள். “தப்பா சுடுன்னு.”

“சொல்லியிருந்தா சுட்டிருப்பியா?”

“சுட்டிருப்பேன். ரெண்டு என்ன, அஞ்சையும் விட்டிருப்பேன்.” கையில் இருந்த தோட்டாக்களை டெல்பினாவின் பையில் போட்டுவிட்டு எழுந்தாள். “ஆனா அதுக்கப்புறம் உங்களை அக்கான்னு கூப்பிட்டிருக்க மாட்டேன்.”